பழைய தீயணைப்பு நிலையத்தை மூடுவது: கணக்கு எங்கே சறுக்குகிறது

கேள்வி இதுதான்: நகரின் நடுவே நூறாண்டு கடந்த தீயணைப்பு நிலையம். கட்டடம் பழுது. தீ விபத்துகள் முன்புபோல் இல்லை. நகர நிர்வாகத்திடம் பணமும் இல்லை. மூடலாமா கூடாதா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

முதலில் முடிச்சை அவிழ்க்க வேண்டும். ‘நிலையத்தை மூடுவது’ என்ற சொல்லுக்குள் மூன்று தனித்தனி முடிவுகள் இருக்கின்றன. கட்டடத்தைக் கைவிடுவது ஒன்று. அந்த இடத்திலிருந்து வண்டி கிளம்புவதை நிறுத்துவது இன்னொன்று. வண்டியையும் அதில் ஏறும் ஆட்களையும் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவது மூன்றாவது. கூரை ஒழுகுகிறது, சுவர் விரிசல் என்பதெல்லாம் முதல் முடிவுக்கு மட்டுமே காரணம். பணம் மிச்சமாவதோ மூன்றாவதில்தான். முதலாவதின் புகைப்படங்களைக் காட்டி மூன்றாவதற்கு ஒப்புதல் வாங்குவது பல ஊர்களில் நடப்பது. ஆகவே அறிக்கை கைக்கு வந்ததும், இதில் எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.

மிச்சம் ஏன் ஆட்களில் இருக்கிறது? ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். வண்டியில் ஒரு இருக்கை அத்தனை மணி நேரமும் நிரம்பியிருக்க வேண்டும். பிரிட்டனில் தீயணைப்பு வீரரின் வேலை வாரத்துக்கு 42 மணி நேரம். வாரத்தின் 168 மணியை அதால் வகுத்தால் நான்கு குழுக்கள். விடுப்பு, பயிற்சி, உடல்நலக் குறைவு இவற்றுக்கு மாற்று ஆளைச் சேர்த்தால் ஓர் இருக்கைக்கு ஏறக்குறைய ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளலாம். நால்வர் ஏறும் வண்டிக்கு 20 பேர் சம்பளம், ஓய்வூதியம். இதற்கு முன்னால் மின்கட்டணமும் சுண்ணாம்பும் சில்லறைச் செலவு. ‘நிலையம்தான் மூடுகிறது, வண்டியும் ஆட்களும் பக்கத்து நிலையத்துக்குப் போகிறார்கள்’ என்று ஒருவர் சொன்னால், ஆண்டுச் செலவில் பெரிதாக எதுவும் குறையவில்லை என்று பொருள். நிலம் விற்ற பணம் ஒருமுறை வரும், அவ்வளவுதான். அந்த ஒருமுறைப் பணத்தை ஆண்டுதோறும் வரும் பற்றாக்குறையில் ஊற்றினால், மூன்றாம் ஆண்டு அடுத்த நிலையத்தின் பெயர் பட்டியலில் ஏறும்.

இதை ஓர் உண்மை நிகழ்வோடு பார்ப்பது நல்லது. 2014 ஜனவரி 9 அன்று லண்டனில் ஒரே நாளில் பத்து நிலையங்கள் மூடப்பட்டன: பெல்சைஸ், போ, கிளார்க்கன்வெல், டவுனம், கிங்ஸ்லாண்ட், நைட்ஸ்பிரிட்ஜ், சில்வர்டவுன், சதக், வெஸ்ட்மின்ஸ்டர், உல்விச். கிளார்க்கன்வெல் 1872-இல் தொடங்கியது. ஐரோப்பாவிலேயே தொடர்ந்து இயங்கிவந்த மிகப் பழைய நிலையம் என்று பேர் பெற்றது. ஆற்றுப் படகு நிலையத்தை விட்டுவிட்டு எண்ணினால், நிலையங்கள் 112-இலிருந்து 102 ஆயின. வண்டிகள் 169-இலிருந்து 155. வீரர் பணியிடங்கள் 552 குறைந்தன. நகரத்தின் இலக்கு, முதல் வண்டி சராசரியாக 6 நிமிடத்திலும் இரண்டாவது வண்டி 8 நிமிடத்திலும் சேர வேண்டும் என்பது. பத்தாண்டுகளில் தீ விபத்துகள் ஏறக்குறைய பாதியாகிவிட்டன, பத்து நிலையங்கள் போனாலும் இலக்குக்குள் இருப்போம் என்றது நிர்வாகம். அது பொய்யில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் இருக்கும் ‘சராசரி’ என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

1970-களின் தொடக்கத்தில் நியூயார்க் நகருக்காக ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஓர் எளிய விதியைக் கண்டார்கள்: ஒரு பகுதியில் வண்டி ஓட வேண்டிய சராசரி தூரம், பரப்பளவை நிலையங்களின் எண்ணிக்கையால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. லண்டனுக்குப் போட்டுப் பாருங்கள். 112-ஐ 102-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.048. அதாவது பத்து நிலையங்களை எடுத்தும் நகரச் சராசரித் தூரம் 5 சதவீதம்கூடக் கூடவில்லை. சராசரி ஓட்டம் ஒன்றரை கிலோமீட்டர் என்றால் கூடுவது 70 மீட்டர் சொச்சம். வண்டிக்குச் சில நொடிகள். நிறைய நிலையங்கள் உள்ள எந்த நகரத்தில் எந்த ஒன்றை மூடினாலும் சராசரி இப்படித்தான் அதிகம் அசையாமல் இருக்கும். அது விதியின் இயல்பு. நிலையம் தேவையில்லை என்பதற்கான சான்றல்ல.

இப்போது மூடிய நிலையத்திலிருந்து 300 மீட்டரில் இருக்கும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த நிலையம் 2 கிலோமீட்டர் தள்ளி என்போம். ஓட்ட நேரத்தைக் கணிக்க அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் ராண்ட் சூத்திரம் இது: மைலில் தூரத்தை 1.7-ஆல் பெருக்கி 0.65 கூட்டினால் நிமிடம் வரும். கிலோமீட்டருக்கு மாற்றினால் பெருக்கும் எண் ஏறக்குறைய 1.06. முன்பு அந்த வீட்டுக்கு ஒரு நிமிடம், இனி 2.8 நிமிடம். இந்தச் சூத்திரம் மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தை நம்பி எழுதப்பட்டது. நெரிசலான நகர நடுவில் 25 கிலோமீட்டர்தான் கிடைக்கிறது என்றால் அந்தக் கூடுதல் 1.7 கிலோமீட்டருக்கு மட்டும் 4 நிமிடம் போகும். நகரம் முழுவதற்கும் சில நொடி, இந்தத் தெருவுக்கு 4 நிமிடம். இரண்டும் ஒரே முடிவின் விளைவு. லண்டனில் பிறகு நடந்ததும் இதுவே: நகரச் சராசரி இலக்குக்குள் நின்றது, மூடிய நிலையங்களைச் சுற்றிய சில வார்டுகளில் நேரம் நீண்டது.

நான்கு நிமிடம் பெரிதா என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவின் யூஎல் என்ற பாதுகாப்புச் சோதனை ஆய்வகம் இரண்டு வரவேற்பறைகளை எரித்து அளந்தது. பழைய காலப் பஞ்சும் மரமும் நிரம்பிய அறை முழுவதும் ஒரேயடியாகத் தீப்பற்ற ஏறக்குறைய 30 நிமிடம் ஆயிற்று. ஃபோம் மெத்தை, பாலியஸ்டர் சோபா போட்ட இன்றைய அறைக்கு 5 நிமிடம்கூட ஆகவில்லை. விபத்துகள் குறைந்திருக்கலாம், பற்றிய தீ முன்னைவிட வேகமாக ஓடுகிறது.

ஆகவே சராசரியை ஓரமாக வைத்துவிட்டு, நூறு அழைப்புகளில் தொண்ணூறுக்கு எத்தனை நிமிடத்தில் வண்டி சேர்கிறது என்று கேளுங்கள். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் (என்எஃப்பிஏ) வகுத்த 1710 என்ற தரம் இப்படித்தான் பேசுகிறது: தீ அழைப்பு வந்து வீரர்கள் உடுப்பு மாட்டி வண்டி நகர 80 நொடி, முதல் வண்டி ஓட 240 நொடி, தொண்ணூறு சதவீத அழைப்புகளுக்கு. இதையும் நகரம் முழுவதற்கும் வாங்காதீர்கள். மூடப்போகும் நிலையத்தின் எல்லைக்கும், அதைத் தாங்கப்போகும் அண்டை நிலையங்களின் எல்லைக்கும் தனித்தனியாக, மூடுமுன், மூடியபின் என்று வாங்குங்கள். வெறும் நான்கைந்து வார்டுகளின் அட்டவணை அது. ‘அந்த அளவு நுணுக்கமாக எங்களிடம் இல்லை’ என்ற பதில் வந்தால், ஆய்வே நடக்கவில்லை.

அண்டை நிலையங்களைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. கிளார்க்கன்வெல்லின் அழைப்புகள் மறைந்துபோகவில்லை. இஸ்லிங்டன், யூஸ்டன், ஷோர்டிச் போன்ற பக்கத்து நிலையங்களுக்குப் போயின. அந்த வண்டிகள் அங்கே போயிருக்கும் நேரத்தில் அவற்றின் சொந்த எல்லையில் அழைப்பு வந்தால், இன்னும் தொலைவிலிருந்து ஒரு வண்டி வர வேண்டும். குளத்தில் கல் விழுந்தாற்போல வளையம் வளையமாக நேரம் கூடும். எதிர்ப்புக் கூட்டத்துக்கு மூடப்படும் தெருக்காரர்கள்தான் வருவார்கள். இரண்டாம் வளையத்தில் இருப்பவர்களுக்குத் தங்கள் வண்டி பாதி நேரம் வேறிடத்தில் நிற்கப்போவது தெரியாது.

வரைபடத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. நிலையத்தைச் சுற்றி வட்டம் போட்டு ‘எல்லாம் வட்டத்துக்குள் வந்துவிட்டது’ என்று காட்டுவார்கள். வண்டி பறக்காது. சில்வர்டவுனும் உல்விச்சும் தேம்ஸ் ஆற்றின் இரு கரைகளில் எதிரெதிரே இருக்கின்றன. நேர்க்கோட்டில் கூப்பிடு தூரம். ஆனால் அங்கே பாலம் இல்லை, வாகனம் கடக்க ஒரு படகுத்துறைதான், சுரங்கச் சாலையோ மேற்கே தள்ளியிருக்கிறது. ஆறு, ரயில்வே கேட், ஒருவழிச் சாலை, தாழ்ந்த பாலம் எல்லாவற்றையும் சேர்த்த சாலை வலையமைப்பில் கணக்கிட வேண்டும். அதுவும் இரவு 3 மணி வேகத்தில் ஒருமுறை, மாலை 6 மணி வேகத்தில் ஒருமுறை.

கணக்கின் மூலப்பொருளான பதிவுகளையும் அப்படியே நம்ப முடியாது. கட்டுப்பாட்டு அறையின் கணினியில் அழைப்பு எடுத்த நேரம், வண்டியை அனுப்பிய நேரம், வண்டி நகர்ந்த நேரம், சேர்ந்த நேரம் என்று நான்கு முத்திரைகள் விழும். கடைசி இரண்டும் பெரும்பாலும் வண்டியில் இருப்பவர் பட்டன் அழுத்துவதால் விழுபவை. தீயைப் பார்த்ததும் கீழே குதித்து ஹோஸை இழுத்தவர் பத்து நிமிடம் கழித்துத்தான் பட்டனை நினைப்பார். சிலர் தெருமுனையிலேயே அழுத்திவிடுவார்கள். கிளம்பிய நேரமும் அனுப்பிய நேரமும் ஒன்றாக இருக்கும் வரிகள், அவசரமில்லாத அழைப்புக்குச் சைரன் இல்லாமல் போன வரிகள், வண்டி நிலையத்தில் இல்லாமல் வெளியிலிருந்து திரும்பிய வரிகள் எல்லாம் கலந்திருக்கும். குறைந்தது மூன்று ஆண்டுப் பதிவுகளை எடுத்து, இவற்றைச் சலித்து, வண்டியின் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட வேண்டும். பிறகு, நிலையம் இருக்கும் நிலையில் கணினியில் கட்டிய கணக்கு மாதிரி (மாடல்) சொல்லும் நேரமும் உண்மையில் நடந்த நேரமும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். நடந்ததையே சரியாகச் சொல்லாத மாதிரி, நடக்கப்போவதைச் சொல்வதற்கு லாயக்கில்லை. பொருந்திய பின்தான் அந்த நிலையத்தை நீக்கி, பழைய அழைப்புகளைத் தேதி, நேர வரிசையில் மறுபடி ஓடவிட்டுப் பார்ப்பது.

இந்த இடத்தில்தான் நியூயார்க் சறுக்கியது. 1968-இல் மேயர் ஜான் லின்ட்சே காலத்தில் ராண்ட் உள்ளே வந்தது. தீயணைப்புத் துறைத் தலைவர் ஜான் ஓஹேகன் அந்தக் கணக்குகளை ஆதரித்தவர். மாதிரி தூரத்தை நன்றாகவே அளந்தது. நெரிசலால் வண்டியின் வேகம் பெரிதாக மாறாது என்றும் எடுத்துக்கொண்டது. அருகருகே நிலையங்கள் இருந்த பகுதிகளில் ஒன்றை எடுத்தால் நேரம் அதிகம் கூடாது என்று காட்டியது. நிலையங்கள் அருகருகே இருந்தது ஏன்? அங்கே தீ அதிகம் என்பதால். தெற்கு பிராங்க்ஸ் போன்ற ஏழைப் பகுதிகளில் மிகவும் வேலைப்பளு கொண்ட குழுக்கள் பட்டியலில் வந்தன. அடுத்த நிலையம் நாலு தெரு தள்ளி இருந்தது உண்மை. ஆனால் அங்கே போய்ப் பார்த்தால் வண்டி வேறு தீயில் நின்றது. வண்டி எத்தனை விழுக்காடு நேரம் வெளியே இருக்கிறது என்ற கணக்கு இல்லாமல் தூரத்தை மட்டும் பார்ப்பதன் விளைவு இது. 24 மணி நேர ஷிப்டில் ஒரு வண்டி 30 சதவீதத்துக்கு மேல் அழைப்புகளில் இருந்தால் அதை ‘கையில் இருக்கும் வண்டி’ என்று கணக்கில் சேர்க்கத் தயங்க வேண்டும் என்பது இத்துறையில் உள்ள பொதுவான அளவு.

‘அழைப்பு பாதியாகிவிட்டது’ என்ற வாதத்துக்கு இனி நேர்மையாகப் பதில் சொல்லலாம். அழைப்பு குறைந்தால் ஒரே நேரத்தில் இரண்டு தீ வருவது குறையும். ஆகவே இரண்டு வண்டி நிற்கும் நிலையத்தில் இரண்டாவது வண்டியை எடுப்பதற்கு அது நல்ல காரணம். தூரம் அழைப்போடு சேர்ந்து குறைவதில்லை என்பதால், ஒற்றை வண்டி நிலையத்தை மூடுவதற்கு அது பலவீனமான காரணம். அறிக்கை எழுதுபவர்கள் இந்த இரண்டையும் ஒரே பத்தியில் குழைத்துவிடுவார்கள். லண்டனிலேயே 2016-இல் இன்னும் 13 வண்டிகள் எடுக்கப்பட்டு எண்ணிக்கை 142 ஆனபோது நிலையம் எதுவும் மூடப்படவில்லை. இரண்டும் வேறு வேறு கத்திகள். வண்டியை மட்டும் எடுக்கும் கத்தி இரண்டாவது வண்டியின் நேரத்தில் வெட்டும். முதல் வண்டியின் நால்வரால் வீட்டுத் தீக்குள் முழுமையாக வேலை செய்ய முடியாது. இருவர் உள்ளே போனால் இருவர் வெளியே காத்திருக்க வேண்டும். தண்ணீர், ஏணி, தேடுதல் மூன்றும் ஒன்றாக நடக்க இரண்டாவது, மூன்றாவது வண்டி தேவை. என்எஃப்பிஏ சாதாரண ஒரு குடும்ப வீட்டுக்கே 16, 17 பேரைக் கேட்கிறது. முதல் வண்டி நேரத்தை மட்டும் காட்டும் அறிக்கை பாதி அறிக்கை.

அமெரிக்க ஊர்களில் இன்னொரு மாற்றமும் உண்டு: அங்கே தீயணைப்பு வண்டிக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் மருத்துவ அவசரம். நெஞ்சடைத்து விழுந்தவருக்கு மார்பு அழுத்தமோ மின்னதிர்ச்சியோ கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அங்கே ‘தீ குறைந்துவிட்டது’ என்ற பேச்சுக்கே இடம் குறைவு. வீட்டுக் காப்பீட்டுக் கட்டணம் எகிறும் என்ற பயமோ பெரும்பாலும் மிகை. காப்பீட்டு மதிப்பீட்டாளர்களின் பெரிய கோடு நிலையத்திலிருந்து சாலைவழி 5 மைல். அடர்ந்த நகரில் ஒரு நிலையம் மூடினால் அதைத் தாண்டுவது அரிது. ஊருக்கு அவர்கள் போடும் தீப்பாதுகாப்பு மதிப்பெண் கொஞ்சம் குறையலாம். மேடையில் இதை முழங்கினால் நிர்வாகம் எளிதில் மடக்கிவிடும். வலுவான வாதங்களை விட்டு இதைப் பிடிக்க வேண்டாம்.

இனி கட்டடம். பழைய நிலையத்தின் குறைகள் உண்மையானவை. குதிரை வண்டிக்குக் கட்டிய வாசல் குறுகல். இன்றைய வண்டியின் உடல் அகலமே இரண்டரை மீட்டர், கண்ணாடி தனி. வண்டி வாங்கும்போதே வாசலுக்குப் பொருந்தும் அளவில் தனியாகச் செய்யச் சொல்ல வேண்டியிருக்கும், விலை ஏறும், வேறு நிலையத்து வண்டியை மாற்றாக அனுப்பவும் முடியாது. தரை அதைவிடப் பெரிய தொல்லை. பல பழைய நிலையங்களில் வண்டி நிற்கும் தளத்துக்குக் கீழே நிலவறை இருக்கும். அதன் மேல் இன்று நிற்பது தண்ணீரோடு 15, 18 டன். தளத்தின் அடியில் கம்பி துருத்துகிறதா, தாங்கு தூண்கள் முட்டுக் கொடுத்து நிற்கின்றனவா என்று கட்டமைப்புப் பொறியாளர் பார்க்க வேண்டும். இது ஒன்று மட்டுமே வண்டியை உடனே வெளியேற்றக் காரணமாகலாம். அடுத்தது நஞ்சு. டீசல் புகை புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது. தீயணைப்பு வேலையையே 2022-இல் அதே வகையில் சேர்த்தது. வண்டிக்கூடத்துக்கு மேலே படுக்கையறை, நடுவில் இறங்குகம்பிக்கான ஓட்டை என்ற பழைய அமைப்பில் புகை நேரே படுக்கைக்குப் போகும். புகைக்குழாயில் மாட்டும் உறிஞ்சு குழாய், தீயில் அழுக்கான உடுப்புக்குத் தனி அறை, தனிச் சலவை, பெண் வீரர்களுக்குக் குளியலறை, எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். நிலநடுக்கப் பகுதியில் இன்னும் கடினம்: கலிபோர்னியாவில் தீயணைப்பு நிலையம் போன்ற கட்டடங்கள் நடுக்கத்துக்குப் பிறகும் இயங்க வேண்டும் என்று 1986 முதல் சட்டமே இருக்கிறது.

ஆனால் இவை அத்தனையும் ‘வேறு கட்டடம் வேண்டும்’ என்பதற்கான காரணங்கள். ஓட்ட நேரக் கணக்கு அந்த இடம் தேவை என்று காட்டினால், அரை கிலோமீட்டருக்குள் வேறு மனை தேடுவது, இரண்டு பழைய நிலையங்களை நடுவில் ஒரே புது நிலையமாக்குவது, அதே மனையில் கீழே நிலையமும் மேலே குடியிருப்புமாகக் கட்டுவது என்ற வழிகளின் விலையை அருகருகே எழுத வேண்டும். இரண்டை ஒன்றாக்கும்போது நடுவில் இருப்பவர்களுக்கு லாபம், இரு ஓரங்களுக்கும் நட்டம். ஓரத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். புது மனையில் வண்டி முழுவதும் வாசலுக்கு வெளியே வந்து சாலையைத் தொடாமல் நிற்கும் அளவு முற்றம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் சாலையை மறித்துப் பின்னோக்கி ஏற்ற நேரும். பழைய கட்டடத்தைக் காலி செய்துவிட்டுப் புதியதைக் கட்டத் தொடங்கக் கூடாது. இடைக்காலத்தில் பெரிய கூடாரத்தில் வண்டியும் கன்டெய்னர் அறைகளில் ஆட்களும் இருப்பது பல ஊர்களில் ஓரிரு ஆண்டு நடந்து முடிகிற காரியம்தான்.

நீதிமன்றத்தை நம்பியிருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. லண்டனில் தீயணைப்பு ஆணையம் திட்டத்தை எதிர்த்தது. மேயர் போரிஸ் ஜான்சன் தன் அதிகாரத்தால் நிறைவேற்றச் சொன்னார். ஏழு பகுதி மன்றங்கள் உயர் நீதிமன்றம் போயின. 2013 டிசம்பரில் தோற்றன. நீதிபதி முடிவு புத்திசாலித்தனமானதா என்று எடைபோடுவதில்லை. கருத்துக் கேட்டார்களா, சட்டப்படி பார்க்க வேண்டியதைப் பார்த்தார்களா என்றுதான் பார்ப்பார். ஆகவே சண்டை நடக்க வேண்டிய இடம் கருத்துக் கேட்புக் காலம்; அதில் மேற்சொன்ன வார்டு அட்டவணையை எழுத்தில் கேட்டுப் பதிவு செய்வது. நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் மக்கள் வேறு வழி போனார்கள்: 1975-இல் என்ஜின் 212 நிலையத்தை மூட வந்தபோது வண்டியை வெளியே விடாமல் உள்ளே குடியேறினார்கள், ஏறக்குறைய 16 மாதம். நிலையம் மீண்டும் திறந்தது. 2003-இல் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் மூடிய ஆறில் அதுவும் ஒன்று.

எல்லாக் கணக்கும் பார்த்து மூடுவதே சரி என்று வந்தாலும் ஒரே நாளில் பூட்டுப் போட வேண்டியதில்லை. முதலில் வண்டியை அண்டை நிலையத்துக்கு மாற்றி, ஆட்களைக் குறைக்காமல் ஓராண்டு ஓட்டலாம். மழைக்காலமும் கோடையும் பண்டிகைகளும் ஒரு சுற்று வந்துவிடும். ஒவ்வொரு மாதமும் நான்கைந்து வார்டுகளின் தொண்ணூறு சதவீத நேரத்தை, முதல் வண்டிக்கும் இரண்டாவதற்கும், வெளியிட வேண்டும். எந்த வார்டில் எத்தனை நொடி கூடினால் வண்டி திரும்பி வரும் என்பதைத் தொடங்குமுன்னே தீர்மானத்தில் எண்ணாக எழுத வேண்டும். அந்த ஆண்டு முடியும்வரை மனையை விற்பனைக்கு விடக் கூடாது. வாசல் கதவு திறக்கும் நிலையில், மின் இணைப்போடு, அழைப்பு மணி வேலை செய்யும்படி வைத்திருக்க வேண்டும்.